விசா ஒரு வருஷம், தங்குவது எத்தனை நாள்?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற வங்கி ஊழியரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாதவர்களுக்காக முழுமையாக வெளியிடுகிறோம்.)



தண்ணீர் டேங்க், லிஃப்ட் பராமரிப்பு இரண்டையும் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே காபிப் பக்கம் பார்க்கிறீர்கள். அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுப் பெண்ணையோ பையனையோ கல்யாணம் செய்திருக்கிறார்கள். அதில் என் வீடு முதல் வீடு. என் மருமகள் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கும்போது பழக்கம். கீரப்பாளையத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போவது நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் அங்கே இருக்கிறார். அங்கிருந்து ஒரு பிலிப்பினோ மருமகள் வருவதுதான் புதிது.

நான் வக்கீல் அல்ல. அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் பி.காம். முடித்து, முப்பத்து நான்கு வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். தேதியும் கையெழுத்தும் பார்ப்பதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நானே ஒரு தேதியைப் பார்க்காமல் விட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் மகன் கல்யாணத்தை 2022 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சட்டப்படி பதிவு செய்தான். அந்த வருஷம் அக்டோபர் 14-ம் தேதி இருவரும் ஊருக்கு வந்தார்கள். வீட்டளவில் தாலி கட்டும் சடங்கு, சிதம்பரத்தில் ஒரு சின்ன வரவேற்பு. பலர் வந்திருந்தீர்கள். மருமகள் சுற்றுலா இ-விசாவில் வந்திருந்தாள். மூன்று வாரத்தில் மகனுக்கு லீவு முடிந்தது. அதற்குள் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, முழங்கால் அறுவை சிகிச்சை வரைக்கும் போய்விட்டது. மருமகள், “அத்தை நடக்கிற வரைக்கும் நான் இருக்கேன் மாமா” என்று சொல்லி இருந்துவிட்டாள். வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். பாஷை தெரியாது. வாக்கர் பிடித்து அத்தையை நடக்க வைத்தது அவள்தான். சம்பா சாதமும் கொத்சும் சாப்பிடக் கற்றுக்கொண்டதும் அந்த மாதங்களில்தான்.

இ-விசா தாளில் ‘ஒரு வருஷம்’ என்று போட்டிருந்தது. நாங்கள் அதோடு நிம்மதியாக இருந்துவிட்டோம். ஜனவரி 4-ம் தேதி மருத்துவமனை பில்களை ஃபைலில் கோத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாள் கையில் பட்டது. கீழே ஒரு வரி: ஒவ்வொரு முறையும் தொடர்ந்து தங்குவது 90 நாளைத் தாண்டக் கூடாது. விரல் விட்டு எண்ணினேன். அக்டோபரில் 18, நவம்பரில் 30, டிசம்பரில் 31. அதுவே 79. ஜனவரி 11-ம் தேதியோடு 90 முடிகிறது. பொங்கலோ 15-ம் தேதி.

இங்கேதான் முதல் பாடம். விசா செல்லுபடியாகும் காலம் வேறு, தங்க அனுமதித்த காலம் வேறு. காசோலையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் வரைக்கும் காசோலை செல்லும். அதற்காகக் கணக்கில் இருப்பதை மீறி எடுக்க முடியுமா? விசாவின் ஒரு வருஷம் என்பது வாசல் திறந்திருக்கும் காலம். உள்ளே வந்தால் எத்தனை நாள் உட்காரலாம் என்பது தனிக் கணக்கு. அது நாட்டுக்கு நாடு, விசாவுக்கு விசா மாறும், அவ்வப்போது விதியும் மாறும். ஆகவே யார் சொல்வதையும் நம்பாதீர்கள், நான் சொல்வதையும் சேர்த்துத்தான். விசாத் தாளில் உள்ள வரியையும், விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

வீட்டில் அன்றைக்கு ஒரே விவாதம். என் மனைவி, “பொங்கலுக்கு நாலு நாள்தானே, யார் வந்து எண்ணிப் பாக்கப் போறாங்க? இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். பக்கத்து வீட்டு நண்பரும் அதையேதான் சொன்னார். எனக்கும் ஆசைதான். முதல் பொங்கல், மருமகள் கையால் பானை வைக்க வேண்டும் என்று. ஆனால் அந்த நாலு நாள் அவள் பாஸ்போர்ட்டில் நிரந்தரமாக நிற்கும். அடுத்த விசா கேட்கும்போது, பின்னால் அட்டை கேட்கும்போது, ‘முன்பு அனுமதி மீறித் தங்கியவர்’ என்று கணினி சொல்லும். மருமகளே ஒரு முடிவுக்கு வந்தாள். ஆருத்ரா தரிசனம் பார்த்துவிட்டு, 10-ம் தேதி இரவு சென்னையிலிருந்து விமானம் ஏறினாள். என் மனைவி வாக்கரோடு வாசல் வரைக்கும் வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் பானை பொங்கியது. யாரும் சத்தமாகக் கத்தவில்லை.

இப்போது சட்டம் இன்னும் கடுமையாகிவிட்டது. 1946-ம் வருஷத்து வெளிநாட்டினர் சட்டம் உள்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 என்று ஒரே சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. விசாக் காலம் தாண்டித் தங்கினால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நாலு நாள்தானே’ என்பவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இரண்டாவது பாடம் வீட்டுக்காரர்களுக்கு. அதாவது நமக்கு. வெளிநாட்டுக்காரர் யார் நம் வீட்டில் தங்கினாலும், 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் தகவல் பதிய வேண்டும். பல வருஷமாக ‘படிவம் சி’ என்று சொல்வார்கள். ஹோட்டலுக்கு மட்டும்தான் அது என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. வாடகை வீடு, விடுதி, சொந்தக்காரர் வீடு எல்லாவற்றுக்கும் உண்டு. மருமகளாகவே இருந்தாலும், அவள் கையில் வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால் பதிய வேண்டியது நம் பொறுப்பு. 90 நாள் விஷயத்தைக் கண்டுபிடித்த அன்றுதான் இதையும் கண்டுபிடித்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கடலூர் போனேன். மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளர்தான் வெளிநாட்டினர் பதிவு அதிகாரி. அந்த அலுவலகத்தில் என் தவறை நானே சொல்லி, காலதாமதமாகப் பதிந்தேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டு, “இனிமே வர்ற அன்னைக்கே போட்டுடுங்க சார்” என்றார். எல்லா நேரமும் அப்படிச் சொல்லி விடுவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

நம் குடியிருப்பில் நான்கு உரிமையாளர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. மார்கழியிலும் நாட்டியாஞ்சலி சமயத்திலும் சிதம்பரத்தில் நடனம் கற்கிற, பார்க்கிற வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறார்கள். சாவியைக் கொடுக்கும் முன் பதிவு யார் செய்வது என்று உரிமையாளர் முடிவு செய்துகொள்ள வேண்டும். வாட்ச்மேன் தலையில் கட்டக் கூடாது.

மூன்றாவது விஷயம், எந்த விசா என்பது. குடும்பமாக வந்து தங்கப் போகிற கணவனோ மனைவியோ சுற்றுலா விசாவில் வருவது, சேமிப்புக் கணக்கில் வியாபாரம் செய்வது மாதிரி. இந்தியக் குடிமகனின் வெளிநாட்டு மனைவிக்கு என்று நுழைவு விசா இருக்கிறது. எக்ஸ் விசா என்பார்கள். கல்யாணப் பதிவுச் சான்றிதழைக் காட்டி வாங்க வேண்டும். 180 நாளுக்கு மேல் தங்குவதென்றால் பதிவு செய்ய வேண்டும். எதற்குள் செய்ய வேண்டும் என்பதும் விசாவிலேயே எழுதியிருக்கும். இப்போது இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற இணைய வசதி 2018 முதல் இருப்பதால், பெரும்பாலான வேலைகளை வீட்டிலிருந்தே செய்யலாம். 2023 ஏப்ரலில் மருமகள் இரண்டாம் முறை வந்தது அந்த நுழைவு விசாவில். அன்றைக்கு இரவே நான் பதிவு செய்துவிட்டேன். அவள் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை, நான் பாஸ்போர்ட்டைக் கேட்டேன் என்று இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

இதற்கெல்லாம் அடிப்படை கல்யாணப் பதிவு. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று நினைக்கிறோம். 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் பதிய வேண்டுமானால் இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். பெண் கத்தோலிக்கர் என்றால் அது பொருந்தாது. அதற்குத்தான் 1954-ம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு வார லீவில் வந்து முடித்துவிட்டுப் போகிற வேலை அல்ல அது. வெளிநாட்டிலேயே செய்வதென்றால், அந்த நாட்டுச் சட்டப்படி பதியலாம். அல்லது 1969-ம் வருஷத்து வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி நம் தூதரகத்தில் செய்யலாம்.

பெண் பிலிப்பினோ என்றால், அவர் ஏற்கெனவே திருமணம் ஆகாதவர் என்று அவர்கள் நாட்டுப் புள்ளியியல் ஆணையம் தரும் சான்றிதழ் ஒன்று கேட்பார்கள். அவமானப்பட ஒன்றுமில்லை. அந்த நாட்டில் முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்துச் சட்டமே கிடையாது. அதனால் அந்தத் தாளுக்கு அவ்வளவு மதிப்பு. வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கு ‘அப்போஸ்டில்’ முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவும் பிலிப்பைன்சும் சிங்கப்பூரும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் திரும்பும். நம் ஊர் இனிஷியல் பழக்கம் அவர்களுக்குப் புரியாது. என் மகன் பாஸ்போர்ட்டில் என் பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. சான்றிதழில் அது இல்லை. அதைச் சரிசெய்யவே இரண்டு மாதம் ஆயிற்று.

கல்யாணம் பதிவாகி, தொடர்ந்து இரண்டு வருஷம் முடிந்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவு. அந்த இரண்டு வருஷம் பதிவான தேதியிலிருந்து கணக்கு. தாலி கட்டிய தேதி பேசாது. பாதுகாப்புச் சரிபார்ப்பு உண்டு. பாகிஸ்தான், பங்களாதேஷ் நாட்டுப் பூர்வீகம் உள்ளவர்களுக்குக் கிடைக்காது. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய், வெளிநாட்டிலிருந்து 275 அமெரிக்க டாலர். சுற்றுலா விசாவில் வந்து இங்கே உட்கார்ந்து விண்ணப்பிக்க முடியாது. எங்களுக்கு 2024 பிப்ரவரியில் இரண்டு வருஷம் முடிந்தது. சிங்கப்பூரிலிருந்தே விண்ணப்பித்து அட்டை வந்துவிட்டது.

அட்டை வந்தால் வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் வரலாம், எவ்வளவு நாளும் தங்கலாம், காவல் துறைப் பதிவு வேண்டாம். ஆனால் அது குடியுரிமை ஆகாது. ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. நம் பக்கத்தில் நஞ்சை வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆசையில் மருமகள் பெயரில் நிலம் கிரயம் எழுதிவிடாதீர்கள். கல்யாணம் நீதிமன்றத்தில் ரத்தானால் அட்டையும் போகலாம். புது பாஸ்போர்ட் வாங்கும் ஒவ்வொரு முறையும், மூன்று மாதத்துக்குள், திருமணம் தொடர்கிறது என்ற உறுதிமொழியோடு அதன் நகலை இணையத்தில் ஏற்ற வேண்டும். முழுக் குடியுரிமையே வேண்டுமானால், இந்தியக் குடிமகனை மணந்து இங்கே ஏழு வருஷம் வசித்த பிறகு பதிவு மூலம் கேட்கலாம். ஆனால் அப்போது சொந்த நாட்டுக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும்.

ஃப்ளாட் பற்றிக் கேட்டீர்கள். அட்டை இல்லாத வெளிநாட்டு மனைவியும், வெளிநாட்டில் வாழும் இந்தியக் கணவனோடு சேர்ந்து கூட்டாக ஒரே ஒரு வீடு வாங்கலாம். அங்கேயும் கல்யாணம் பதிவாகி இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். சில நாட்டினருக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தேவை. பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினால், விற்றுப் பணத்தை வெளியே எடுக்கும்போது மாட்டுவீர்கள்.

இப்போது பேரன் விஷயம். 2023 செப்டம்பரில் சிங்கப்பூரில் பிறந்தான். அங்கே பிறந்ததால் மட்டும் அந்த நாட்டுக் குடியுரிமை வராது. இலோய்லோவில் இருக்கும் சம்பந்தியம்மா, “எங்க பாஸ்போர்ட் எடுங்க” என்றார்கள். நாங்கள் நம் பாஸ்போர்ட் என்றோம். இரண்டு பக்கமும் பாசம்தான், ஆனால் ஒரு வாரம் வீடியோ காலில் யாரும் சிரிக்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? வெளிநாட்டில் பிறந்த இந்தியரின் குழந்தையை ஒரு வருஷத்துக்குள் நம் தூதரகத்தில் பதிய வேண்டும். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை. பதியும்போது, குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி கொடுக்க வேண்டும். தாய் வழியில் அவனுக்குப் பிலிப்பைன்ஸ் குடியுரிமையும் உண்டு. 18 வயதான ஆறு மாதத்துக்குள் அதைக் கைவிட்டால்தான் இந்தியக் குடியுரிமை நிற்கும். கடைசியில் மருமகளே அவள் அம்மாவிடம் பேசினாள். “பதினெட்டு வயசுல அவனே முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் ரெண்டு கதவையும் நாம மூட வேண்டாம்” என்று. பேரனை ஐந்தாம் மாதம் நம் தூதரகத்தில் பதிந்தோம்.

இந்தியாவிலேயே பிரசவம் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். விசா முடிந்த பிறகும் தங்கியிருப்பவர் அந்த வரையறைக்குள் வந்துவிடுவார். தாயின் விசா தேதி பிறக்கிற குழந்தையின் குடியுரிமையைத் தொடும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர், 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்ததால் தான் இந்தியரே என்று மதுரைக் கிளையில் வழக்காடி, 2022-ல் சாதகமான உத்தரவு பெற்றார். 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். ஒரு தேதிக்கு முன் பிறந்தவர் குடிமகள். பின் பிறந்த தம்பி தங்கைகள் அகதி. நம் கடலூர் மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் புதுச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். விலக்குதான், குடியுரிமை அல்ல.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். நாம் அங்கே போவதென்றால்? இந்தியர்களுக்கு 2025 ஜூன் முதல் பிலிப்பைன்சில் சுற்றுலாவுக்கு 14 நாள் விசா இல்லாமல் அனுமதி. அதை நீட்டிக்க முடியாது. திரும்பும் டிக்கெட், தங்குமிடம், செலவுக்குப் பணம் எல்லாம் காட்ட வேண்டும். அவர்களிடம் ‘பாலிக்பயான்’ என்று ஒரு சலுகை இருக்கிறது. 1989-ம் வருஷத்து 6768-ம் எண் சட்டம், 2002-ல் திருத்தியது. ‘பாலிக்’ என்றால் திரும்புதல், ‘பயான்’ என்றால் ஊர், நாடு. ஊர் திரும்புகிறவர். ஒரு வருஷமாவது வெளிநாட்டில் இருந்த பிலிப்பினோ ஊர் திரும்பும்போது, கூடவே வரும் வெளிநாட்டுக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வருஷம் விசா வேண்டாம். இரண்டு நிபந்தனை: சேர்ந்தே வந்து இறங்க வேண்டும், கட்டுப்படுத்தப்பட்ட நாட்டினராக இருக்கக் கூடாது. இந்திய பாஸ்போர்ட்டை எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று டில்லியில் உள்ள அவர்கள் தூதரகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே டிக்கெட் போடுங்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பருக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கும் என்று போகாதீர்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரப் பதிவு கட்டாயம் என்று வாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதி வையுங்கள். இரண்டு, பதிவைச் சாக்காக வைத்து யாருடைய பாஸ்போர்ட் நகலையும் நம் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பதிய வேண்டியது வீட்டு உரிமையாளரும் அரசும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. என் மருமகளின் பாஸ்போர்ட் பக்கம் ஒருமுறை குழுவில் சுற்றியது. நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். ஆனால் அவள், “மாமா, நான் இந்த வீட்டுப் பொண்ணா, வந்துட்டுப் போற ஆளா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இந்தப் பொங்கலுக்கு அவள் அட்டையோடு வந்திருந்தாள். பானை பொங்கியபோது பேரன் கத்திய சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் போகிற தேதியை இந்த முறை யாரும் எண்ணவில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் என் வீட்டுக்கு வாருங்கள். தாள்களை எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம். கட்டணம் கிடையாது. காபி மட்டும் உண்டு.